பவுலின் எடுத்த படம்

மர்பி டவுனில் குடியிருக்கும் பவுலினுக்கு எழுபத்து நாலு வயதில் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு? இயக்குநர் யூஜினுக்குப் பெண்டாட்டியாக இருந்ததற்கு! வயிறு எரியாதா?

யூஜின் எடுத்தது என்று ஊரே கொண்டாடும் அந்த ஒரே படத்தை எடுத்தவள் பவுலின். எடிட்டிங் அறையில் பிலிம் ஒட்டி ஒட்டியே சினிமா கற்றவள். யூஜினுக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி பேசுவதும் யூனிட்டுக்குச் சாப்பாடு சொல்வதும்தான். ஆனால் கேமராக்காரனும் லைட்காரனும் பொம்பளை சொல்லிக் கேட்பார்களா? அதனால் செட்டில் ஓர் ஏற்பாடு. பவுலின் புருஷனுக்குப் பின்னால் நின்று காதில் சொல்வாள். அவன் அதைக் கத்துவான். சட்டையைப் பிடித்து இழுத்தால், "கட்!" புருஷனை விட்டு நகராத பொம்பளை என்று யூனிட்டே கேலி செய்தது.

டைட்டிலில் தன் பெயர் வேண்டும் என்று கேட்டாள். "பொம்பளை பேரு போட்டா படம் போணியாகாது பவுலின். அடுத்ததுல போடலாம்" என்றான். அடுத்தது வரவேயில்லை. குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தான். தையல் டீச்சராகி மகன் லாயிடை ஆளாக்கினாள் பவுலின்.

இந்த வருஷம் மல்லேஸ்வரத்தில் விழா. சினிமாவில் முதலில் கால் வைத்த பெண்களைக் கொண்டாடுகிறார்களாம். அதில், பெண் மனசு அறிந்தவர் என்று யூஜின் பெயரில் ஒரு விருது! பவுலின் கையால் ஓர் இளம் பெண் இயக்குநருக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் லாயிட் ஏற்பாடு.

விருது வாங்கிய வீணா காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "சார் படத்துல அந்த அம்மா சமையல்கட்டுல ஒண்ணுமே பேசாம நிப்பாங்களே, அதைப் பாத்துதான் ஆன்ட்டி நான் சினிமாவுக்கே வந்தேன்."

இத்தனை வருஷம் விழுங்கியது போதும். பவுலின் மைக்கைப் பிடித்தாள். "அது நான் எடுத்தது. படம் முழுக்க நான் எடுத்தது. அவருக்கு லென்ஸுன்னா என்னன்னே தெரியாதும்மா."

கூட்டம் சிரித்தது. வீணா மட்டும் சிரிக்கவில்லை. "நிஜமாவா ஆன்ட்டி?"

பவுலின் மகனைப் பார்த்தாள். பத்து வயதில் செட்டிலேயே கிடந்தவன், எல்லாவற்றையும் கண்ணால் கண்டவன். "நீ சொல்லுடா லாயிட்."

லாயிட் மேடையேறி மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டான். "சாரி. மம்மிக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல."

அய்யோ பாவம் என்றது கூட்டம். வீணா குழந்தையை அணைப்பதுபோல் அவளை அணைத்து, கீழே கூட்டிப்போனாள்.

மேடைக்குப் பின்னால் பவுலின், மகன் சட்டையைப் பிடித்தாள். "பாவி! நீ பாத்தல்ல?"

"பாத்தேன் மம்மி. அதுக்கு? செத்துப்போன டாடியை ஊர் முன்னாடி திருடன்னு சொல்லணுமா?"

"உயிரோட இருக்கிற என்னைப் பைத்தியம்னு சொல்லலாமாடா?"

அதற்குள் போட்டோகிராபர் வந்துவிட்டான். லாயிட் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். பவுலினை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாலை மாட்டிய யூஜின் படத்தை மடியில் கொடுத்தார்கள்.

"கண்ணாடியில லைட் அடிக்குது. கொஞ்சம் மேல தூக்குங்க ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம்."

தூக்கினாள். அவள் முகம் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

"ஆங், இப்ப சரி. அப்படியே இருங்க" என்றான் அவன்.