எஞ்சினைத் தேடிய கதை

ஞாயிறு காலைகளில் பழைய கார்ப் பைத்தியங்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கொழும்பு காலிமுகத்திடலில் கூடுவோம். பால் விடாத பிளேன்டீ வந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "அந்த எஞ்சின் கதையை எடுத்து விடுங்கோ." நானும் சளைக்காமல் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

என்னுடையது எண்பதுகளில் ஜப்பானில் செய்த இரண்டு சீட் கார். அதன் எஞ்சின் முன்னால் இல்லை. சீட்டுக்குப் பின்னால், முதுகை ஒட்டி இருக்கிறது. வெள்ளவத்தையில் அதற்குச் சோப்புப் பெட்டி என்று பெயர். இத்தாலிக் கார்களின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள்கூட இதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! அவிசாவளை ரோட்டு வளைவுகளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். கை நினைக்கும் முன்னே காரின் மூக்கு திரும்பிவிடும். ஏழாயிரம் சுற்றைத் தாண்டி எஞ்சின் கத்தும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

அதை ஓடவைத்தவன் என் கூட்டாளி, கொட்டாஞ்சேனையில் மெக்கானிக்காக இருந்தவன். விபத்தில் நசுங்கிக் கிடந்ததை இருவரும் சேர்ந்து வாங்கினோம். வேலை முழுக்க அவனுடையது. பிறகு கனடா போனவன் திரும்பி வரவே இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போன் கோல் எடுத்தான்.

"மச்சான், கழட்டி விக்கிறவங்களிட்டக் குடுத்திடாதை. அதின்ர அருமை தெரிஞ்ச ஒருத்தனாப் பாத்துக் குடு."

"ஓமடா" என்றேன். அந்தக் கிழமையே போய்விட்டான்.

என் முழங்கால்களும் போய்விட்டன. அந்தப் பள்ளமான சீட்டில் இருந்து எழும்ப இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். விற்பதென்று முடிவெடுத்தேன். வந்தவர்களில் ஒருவருக்கு எஞ்சின் மட்டும் போதுமாம். இன்னொருவர், சிவப்புப் பெயின்ட் அடித்தால் வடிவாக இருக்குமா என்று கேட்டார். போய்ட்டு வாங்கோ என்று கேற்றைச் சாத்தினேன்.

கடைசியாக வந்தவர் மஹரகமையில் இருந்து வந்த சிங்களவர். ஐம்பது வயதிருக்கும். நான் கவரை இழுத்ததும் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு முழந்தாளிட்டு, காற்று போகும் துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். எந்த வருஷம் எந்தப் பாகத்தை மாற்றிச் செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இவர்தான் ஆள் என்று என் மனம் குளிர்ந்தது. இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன்.

"இந்தக் காரில்தான்" என்றார் அவரும் சிங்களத்தில். "யுத்த காலம். பத்தொன்பது வயதில் பம்பலப்பிட்டி செக்பொயின்டில் எனக்கு டியூட்டி. பொனட்டைத் திறந்தால் ஸ்பேர் டயர் மட்டும் கிடக்கிறது. குண்டுக் கார் என்று பயந்து 'கோ எஞ்சின் எக்க? எங்கே எஞ்சின்?' என்று கத்தினேன். நீங்கள் இறங்கி வந்து பின்மூடியைத் திறந்து காட்டினீர்கள். அன்றைக்கு விழுந்தவன்தான் நான்."

ஞாயிறுதோறும் நான் சொல்லும் அதே கதை. அவருக்குக் காரின் நம்பர் நினைவிருந்தது. இடது சீட்டில் இருந்த கிழிசல்கூட நினைவிருந்தது.

"அந்த இடது சீட்டில் இருந்தது யார்?" என்று கேட்டேன்.

நெற்றியைத் தடவித் தடவி யோசித்தார். "நீங்கள் தனியாகத்தானே வந்தீர்கள், அய்யே?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். "திறந்து காட்டியது நான் இல்லை, என் கூட்டாளி. அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்தது. கொழும்பில் தங்கும் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு அவனுடைய கொட்டாஞ்சேனை அறையில் கிடந்தது. அவனைப் பிடித்து வைத்தீர்கள். நான் போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் அங்கே இல்லை. பதினேழு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவனின் வலது கையில் ஸ்பானர் நிற்கவில்லை."

அன்று காலை அவன் சொன்னதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. "டேய், இதில போனாக் கட்டாயம் மறிப்பாங்கள். பஸ்ஸில போவம்" என்றான். "விசர்க் கதை கதையாதை, ஏறு" என்றது நான்.

அவர் இடது கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் பார்த்தார். "எனக்கு அவரை நினைவில்லை" என்றார். நல்லாய் ஏசவேண்டும் என்று வாயெடுத்தேன். ஆனால் எந்த முகத்தோடு ஏசுவது? முப்பது வருஷமாக அந்தக் கதையை நானும் ஒற்றை ஆளாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவனைச் சேர்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

சாவியை அவரிடமே கொடுத்தேன். அருமை தெரிந்தவன் என்றுதான் கூட்டாளி கேட்டான். அவரைவிடத் தெரிந்த ஒருவர் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அடுத்த ஞாயிறு அவர் காரோடு காலிமுகத்திடலுக்கு வந்து, எல்லோருக்கும் பின்னால் தள்ளி நின்றார். பிளேன்டீ வந்தது. வழக்கம்போல எஞ்சின் கதையைக் கேட்டார்கள்.

"நாங்கள் ரெண்டு பேர் போனனாங்கள்" என்று தொடங்கினேன்.