மாட்டுக்குக் கட்டிய மாலை

ஆக்லாந்துக்கு வெளியே, விருந்தினர்களை வரவேற்கும் ஒரு மாட்டுப்பண்ணையில் போன வருடம் மாட்டுப்பொங்கல் கொண்டாடினோம். நகரில் நாங்கள் வசிக்கும் லின்ஃபீல்டு பகுதியிலிருந்து ஐந்து குடும்பங்கள். பண்ணையை நடத்தும் ஜேன், கன்றோடு இருந்த சாதுவான பசு ஒன்றைப் பூஜைக்குக் காட்டினார்.

மாலை என் பொறுப்பு. எங்கள் வீட்டுப் பின்புறம் அரளி பூத்துக் குலுங்கியது. இலையும் பூவுமாகக் கட்டினேன்.

"அரளியா? மாட்டுக்குப் போடலாமா?" என்று கணவர் கேட்டார்.

"அம்மனுக்கே போடுறோம், மாட்டுக்கு என்ன?" என்று அவர் வாயை அடைத்தேன்.

பசுவின் கழுத்தில் நானே கட்டினேன். கைதட்டினார்கள். கிளம்பும்போது மாலையை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஜேன் போன் செய்தார். "கன்னுக்குட்டி செத்துப்போச்சு. தாய் கழுத்துல இருந்த மாலையைக் கடிச்சிருக்கு. அது என்ன பூ?"

அரளி விஷம் என்பது எனக்குத் தெரியாததா? எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அழுதுகொண்டே சொன்னேன். ஜேன் திட்டவில்லை. "தாய் இன்னும் கத்திக்கிட்டே இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அரளியை வேரோடு வெட்டிவிட்டேன். வளர்ப்பவரைக் கேட்காமல் எந்தப் பிராணிக்கும் இப்போது எதுவும் கொடுப்பதில்லை.

இந்தப் பொங்கலுக்கும் ஜேன் கூப்பிட்டார். வெறுங்கையோடு போனேன். அந்தப் பசு வேலியோரம் வந்து, மாலை கட்டிய அதே கையை மோந்து பார்த்து, மெதுவாக நக்கியது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.