மாத்திரையை வீசிய ஞாயிற்றுக்கிழமை

சகோதர சகோதரிகளே, இதே இடத்தில் நின்று முன்பு ஒரு சாட்சி சொன்னேன். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது தப்பான சாட்சி. அதைத் திருத்தத்தான் இன்று நிற்கிறேன்.

எனக்கு மனச்சிதைவு நோய். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரில் வேலை. அடுப்பில் விறகு போட்டு, அறைக்குள் சூடு ஏற்றிக் காயை உலர்த்த வேண்டும். ஆள் இல்லாத அந்த இடத்தில்தான் முதன்முதலாக ஒரு குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஏழெட்டு மாதத்தில் குரல் அடங்கியது.

உடனே எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கர்த்தர் சுகம் கொடுத்த பிறகு மாத்திரை எதற்கு என்று சபை நடுவில் அட்டையை வீசினேன். எல்லோரும் கைதட்டினீர்கள். என் மனைவி செல்வி மட்டும் தட்டவில்லை. குனிந்து அட்டையைப் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அவளை "அவிசுவாசி" என்று திட்டினேன்.

இரண்டே மாதத்தில் குரல் திரும்பி வந்தது. இந்த முறை தன்னைக் கர்த்தர் என்றே சொன்னது. வசனம் எல்லாம் சொன்னது. உங்களிடம் வந்து சொன்னேன். "ஒங்ககிட்ட கர்த்தர் நேரா பேசுறாருண்ணே, பெரிய பாக்கியம்" என்றீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு என்று ஆறு வயது மகள் பிரின்சி என்னோடு ஸ்டோருக்கு வந்திருந்தாள். அக்கினிச் சூளையில் போடப்பட்ட மூன்று பேரைக் காத்த நான் உங்கள் இருவரையும் காப்பேன், உள்ளே போ என்றது குரல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சூடு ஏறிய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

"அப்பா, தண்ணி" என்றாள்.

"பொறு ஆத்தா, கர்த்தர் வருவாரு."

கொஞ்ச நேரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் பயந்தேன். "ஆண்டவரே, பேசுறது நீர் இல்லன்னா யாரையாவது அனுப்பும்" என்று கதறினேன். தாழ்ப்பாளைத் தொடாதே என்றது குரல். பெற்ற தகப்பன், நான் தொடவில்லை.

கதவு இடிபட்டது.

"ஏங்க, கதவத் தொறங்க! புள்ளயக் கொல்லப் போறீங்களா?"

செல்விதான். தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தவள், மகளைத் தேடி வந்திருக்கிறாள். கடப்பாரையால் கதவைப் பெயர்த்தாள். ஜீப்பு போடிக்கு இறங்கும்வரை பிள்ளை கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் விழித்தாள். அதற்கு முன்பே ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி பையைத் திறந்து, அதே அட்டையை என்னிடம் நீட்டினாள். என்னை டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான்.

யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன், கர்த்தர் அனுப்பினார். அவிசுவாசி என்று நான் திட்டியவளையே அனுப்பினார்.

பிரின்சி பிழைத்துவிட்டாள். ஆனால் நான் இருக்கும் அறையில் யாரையும் கதவைச் சாத்த விடமாட்டாள். இப்போது சபைக் கதவு திறந்திருப்பதும் அவளுக்காகத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போல இருக்கிறது. ஆனாலும் ஜெபிக்கிறேன். இப்போது காதில் பதில் எதுவும் கேட்பதில்லை. அந்த அமைதிக்காகத் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது குரல் கேட்டால் கைதட்டாதீர்கள். ஜெபித்துக்கொண்டே பஸ்சு ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கர்த்தரை நம்புங்கள், அவர் அங்கேயும் இருக்கிறார்.

காலை மாத்திரையை இன்னும் போடவில்லை. உங்கள் முன்னால் போட வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன்.

பிரின்சி, அப்பாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா ஆத்தா.