ஒன்பது கிராம் கொசுறும் ராஜகுளம் குடோனும்

உத்திரமேரூர் வட்டாரப் பொதுமக்களுக்கும், உலகெங்கும் பரவி வாழும் தட்டைப் பிரியர்களுக்கும் பணிவன்புடன் அறிவித்துக்கொள்வது யாதெனில்: மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 6.40 காஞ்சிபுரம் பேருந்தில் எனக்கு ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. வரலாற்றில் இடம் பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். எங்கள் ரூட்டில் பஸ்ஸில் இடம் பிடித்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

பக்கத்து இருக்கையில் என் சித்தி. என் மடியில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் இருநூறு கிராம் தட்டைப் பாக்கெட் பத்து. சித்தி நாலு வருஷமாக வீட்டிலேயே தட்டை போட்டு விற்கிறாள். கல்யாண ஆர்டர்தான் பெரிய வரும்படி. ஆடி வந்தால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால், கூட வேலை செய்யும் செல்வி அக்காவுக்கும் மேரி அக்காவுக்கும் ஒரு மாதம் வேலை இல்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கு ஆடி என்றால் தள்ளுபடிதான், தள்ளிவைப்பு கிடையாது. அங்கே ஒரு தட்டில் நம் தட்டை ஏறிவிட்டால் வருஷம் முழுக்க அடுப்பு எரியும் என்று சித்தி கணக்குப் போட்டாள்.

முதலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காஞ்சிபுரம் கிளையில் போய்க் கேட்டிருந்தாள். "கொள்முதல் எல்லாம் ராஜகுளம் குடோன்ல. புதுசா வர்றவங்கள செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பார்ப்பாங்க. சாம்பிள் பத்து எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். கிளையிலேயே கெஞ்சி நேரத்தை வீணாக்காதீர்கள் என்பது இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

டிக்கெட் இருவருக்கும் 56 ரூபாய். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா தம்பி அதுல?"

"சரக்குண்ணா."

முன்சீட்டுப் பெரியவர் முழுசாகத் திரும்பிவிட்டார். சித்தி என் தொடையில் கிள்ளினாள். "தட்டைனு சொல்லேன்டா, தறுதல! காலங்காத்தால மானத்த வாங்கிக்கினு."

மாகறல் தாண்டினால் ரோடு கொஞ்சம் குதிக்கும். பெட்டியை மடியிலிருந்து இறக்காதீர்கள், தரையில் வைத்தால் தட்டை பொடியாகிவிடும். பாலாற்றுப் பாலம், ஓரிக்கை, பிறகு காஞ்சிபுரம். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம். பேருந்து நிலையத்தின் எதிரில் நாஷ்டா முடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தோம். ராஜகுளத்துக்கு ஆளுக்கு முப்பது ரூபாய்.

"இன்டர்வியூவா தம்பி?" என்றார் ஆட்டோக்கார அண்ணன். நான் அன்று சட்டையை இன் பண்ணியிருந்தேன்.

"ஆமாண்ணா. எனக்கில்ல, தட்டைக்கு."

"பாஸ் ஆயிடுமா?"

"கடிச்சிக் கேட்டா மொறுமொறுனு பதில் சொல்லும்ணா."

குடோன் ஹைவேயை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊர் மொத்தத்தையும் உள்ளே வைத்துப் பூட்டலாம். கொள்முதல் பார்ப்பவர் ஷீலா மேடம். முதலில் பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் படித்தார். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சேர்மானம், தயாரித்த தேதி, கெடு தேதி, விலை, முகவரி எல்லாம் இருந்தன. "பார்கோடு இல்லை, வாங்கிடுங்க" என்றார். பிறகு ஒரு தட்டையைக் கடித்தார். உடனே இன்னொன்றை எடுத்தார். அதுவே நல்ல சகுனம். அடுத்து பெட்டியை மூடி, மேஜை உயரத்திலிருந்து தொப்பென்று கீழே போட்டார். சித்திக்கு உயிரே போய் வந்தது. திறந்து பார்த்தால் மொத்தத்தில் நாலே தட்டை உடைந்திருந்தது. பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தது அடியேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அப்புறம் தராசை எடுத்தார்.

209. 211. 208. 210. மேடத்தின் புருவம் ஏறிக்கொண்டே போனது. "இருநூறுன்னு போட்டிருக்கீங்க?"

"இருநூறு நிறுத்துட்டு மேல ஒன்னு வெப்பேன் மேடம்."

"பாக்கெட்டுக்கு ஒன்பது கிராம் ஓசி. மாசம் ஆயிரம் பாக்கெட் போனா ஒன்பது கிலோ ஓசியாக் குடுப்பீங்களா?"

"ஓசி இல்ல மேடம். கொசுறு."

"கொசுறு கையில குடுக்கறது. இங்க யாரு கையில குடுப்பீங்க? ரேக்குக்குக் கை இல்லையே."

கொசுறு வைக்காமல் ஒரு பாக்கெட்டைக்கூடச் சித்தி விட்டதில்லை. பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். "அப்போ லேபிள்லயே இருநூத்திப் பத்துனு அடிச்சிக்கவா? வெல அதே அறுபதுதான்."

மேடம் சிரித்துவிட்டார். "தாராளமா அடிங்க. ஆனா இருநூத்திப் பத்து இருந்தே ஆகணும்."

இப்படியாக எங்கள் வீட்டுக் கொசுறு அச்சில் ஏறியது. நான் விசிலடிக்க வாயைக் குவித்தபோது ஏழாவது பாக்கெட் தராசில் ஏறியது.

191.

"மேல போனா நஷ்டம் உங்களுக்கு. கீழ போனா கேஸ் எங்களுக்கு. இந்த மாதிரி ஒன்னு இருந்தா மொத்தப் பெட்டியும் திரும்பி வரும்" என்றார் மேடம். சிரிப்பு போய்விட்டது.

சித்தியின் முகம் கறுத்தது. "என் கை கம்மியாப் போடாது மேடம். சத்தியமா."

குடும்ப மானம் காக்க நான் குதித்தேன். "மேடம், உங்க தராசு கரெக்டா கீதா?"

மேடம் இருநூறு கிராம் எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தார். 200. நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

நல்ல மனசு அவருக்கு. அடுத்த செவ்வாய் புதிதாகப் பத்துப் பாக்கெட் கொண்டுவரச் சொன்னார். மற்ற கணக்கையும் விளக்கினார்: அறுபது ரூபாயில் பதினைந்து கடைக்கு. பணம் முப்பது நாள் கழித்து. கெடு தேதி நெருங்கியும் விற்காதது நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

"திரும்பி வந்தா இன்னா பண்றது?" என்று சித்தி கவலைப்பட்டாள்.

"நான் எதுக்குக் கீறேன் சித்தி?" என்றேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேஜார். சித்தி தன் தராசைச் சந்தேகப்பட்டாள். அரிசி, உப்பு, என் செல்போன் என்று எல்லாம் அதில் ஏறி இறங்கின. என் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் வைத்தாள், முள் அசையவில்லை. கடைசியில் பஜாரில் தராசு ரிப்பேர்க்காரரிடம் 150 ரூபாய் அழுதாள். "தராசு ஒயுங்காத்தான் கீதும்மா" என்றார் அவர். பிறகு ஒரு புது வழக்கம் வந்தது: சித்தி நிறுத்ததை மேரி அக்கா இன்னொரு தடவை நிறுப்பார்.

அடுத்த செவ்வாய் அதே பஸ், ஜன்னல் சீட் இல்லை. பத்துப் பாக்கெட்டும் 210-க்குக் கீழே இறங்கவில்லை. காஞ்சிபுரம் கிளையில் மட்டும் ஒரு மாதம் சோதனைக்கு வைக்க நாற்பது பாக்கெட் கேட்டார்கள். பத்தொன்பதாம் நாளே ரேக் காலி. இப்போது மூன்று கிளைகளுக்குப் போகிறது. இந்த ஆடியில் எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. செல்வி அக்கா மகளுக்குப் புது சைக்கிள் வந்திருக்கிறது, பெல் சத்தம் தாங்க முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், வரிசை நீளும். சாம்பிளை வீட்டிலேயே ஒருமுறை மேஜையிலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். முப்பது நாள் பணம் வராமல் எண்ணெயும் மாவும் வாங்கக் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, வாயைச் சீல் வைத்து ஒட்டிய பிறகு ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்துப் பாருங்கள். ஒட்டுவதற்கு முன்பு நிறுப்பது போதாது.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் தட்டையைச் சித்தி நிறுப்பாள், சீல் வைப்பது நான். ஒரு தட்டை சுமார் ஒன்பது கிராம். தராசில் ஏழாவதாக ஏறிய அந்தப் பாக்கெட்டைச் சீல் வைக்கும் முன்பு எனக்கு லேசாகப் பசித்தது. இரண்டே இரண்டுதான்.

இப்போதும் சீல் வைப்பது நான்தான், வாயை மூடி முகக்கவசம் போட்டுக்கொண்டு. "பையன் எவ்ளோ சுத்தம் பாக்கறான் பாருங்க" என்று சித்தி தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.