சிவப்புக் கோட்டுக்குக் கீழே

செய்தி வந்தபோது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாடவேளை. "டீச்சர், செல்வமணி அக்கா போயிட்டாங்க. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில, நெஞ்சு வலிங்க" என்று தோட்டத்திலிருந்து போன் வந்தது. அழுகை வரவில்லை. வெளியே மழை. இனி இதை யார் அளப்பார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. அப்படி நினைத்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை; தெரியாதவர்களுக்காக இது. றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொண்டவர். மண்சரிவுக் குழு அமைத்தபோது மழைமானியும் அவர் கைக்கு வந்தது. அதன் போத்தலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால், சரிவுக்கு அடியில் வரிசை வீடுகளாக இருக்கும் மேல் லயத்து ஆட்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நான் குழுவின் செயலாளர், பேருக்குத்தான்.

ஒரு மாலை, கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நின்றபோதே அவர் கிளப்பிவிட்டார். லயத்துக்குப் பின்னால் ஓடும் மழைநீர்க் கானில் தண்ணீர் திடீரென்று சேறாக வந்ததாம்; மேலே மண் இளகுவதற்கு அது அடையாளம். நாற்பது பேர் நனைந்துகொண்டே படி இறங்கினார்கள். மண் சரியவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்த கருப்பையா தாத்தா, சளி கட்டி அந்த வாரமே இறந்துபோனார்.

பிறகு நடந்த கூட்டத்தில் பிரதேச செயலக அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், கோபப்படாமல்தான் சொன்னார்: "கோடு தாண்டினால்தான் ஆக்களை எழுப்ப வேணும், அம்மா. சும்மா சும்மா எழுப்பினா, உண்மையா வரேக்க ஒருத்தரும் வரமாட்டினம்." நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன்.

"கோடு போத்தல்ல இருக்குங்க சார். மண்ணு லயத்துக்குப் பின்னால இருக்கு" என்றார் அக்கா.

திரும்பி வரும் வழியில் என்னிடம் கேட்டார்: "டீச்சர், கெளப்பி ஒரு ஆளு செத்தா அது என் பாவங்கிறாங்க. கெளப்பாம நாப்பது பேரு செத்தா, அது மழையோட பாவமா?" ஆசிரியர் கலாசாலையில் இதற்கெல்லாம் பாடம் வைக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. கானைப் பார்க்க லயத்துப் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த பெருமழைக்கும் கோட்டைத் தொடுமுன்பே கிளப்பினார். எல்லோரும் முணுமுணுத்தபடி இறங்க, கருப்பையாவின் மகள் மாரியாயி மட்டும் வாசலை மறித்து நின்றாள். "எங்கப்பாவ அனுப்புனது பத்தாதா? ஒங்க போத்தல எடுத்துக்கிட்டுப் போங்க!" அக்கா அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "நீ வர்ற வரைக்கும் நானும் இங்கதான்." பின்சுவரில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு வாசற்படியைத் தாண்டத் தைரியம் வரவில்லை. கடைசியில் மாரியாயிதான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "சரி, எந்திரிச்சு வாங்க. ஒங்க பாவமும் எனக்கு வேணாம்." அன்றும் மண் சரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரைத் துணிச்சல்காரி என்றார்கள். அது எனக்கு ஒட்டவே இல்லை. பயந்து பயந்துதான் அவர் ஒவ்வொரு கதவையும் தட்டினார், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அந்தப் பயம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. மழைமானியும் இப்போது என்னிடம்தான்.

இதை எழுதும்போதும் மழை விடவில்லை. தண்ணீர் கோட்டுக்கு மூன்று விரல் கீழே நிற்கிறது. கானில் சேறு வருகிறது. மேல் லயத்தில் பிள்ளை பெற்று ஒன்பது நாளேயான ஒருத்தி படுத்திருக்கிறாள்.

கிளப்பப் போகிறேன்.