யோகேஸ்வரியும் ஒரு துண்டு ஈரலும்

என் மனைவி யோகேஸ்வரிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உடையாது, பேச்சு நின்றுவிடும். போன மழைக்காலத்தில் மூன்று நாள் பேச்சே இல்லை. காய்கறி லோரி ஓட்டுகிற எனக்கு முதல் நாள் அது நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பயம் வந்துவிட்டது. கோபம் என் மேல் இல்லை, அவளுக்கு அவள் மேலேயேதான் என்று பிறகுதான் தெரிந்தது.

தேயிலைத் தோட்டத்து லயனில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் அவள். இப்போது எங்கள் மலையிலேயே தானா ராத்தா டவுனில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை. நோயாளிகளிடம் வெட்டியெடுத்த சதைத் துண்டுகள் ஆராய்ச்சிக்காக உறைந்தபடி அவளிடம் வரும். எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். நம் செல்லுக்குள் டிஎன்ஏ இழை, கட்டையில் சுற்றிய நூல் போல ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் சுற்றியிருக்கிறதாம். அந்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும் பொடிப்பொடி இரசாயனக் குறிகள் நோய் வந்தால் மாறுமாம். இவள் சதையை ஐஸில் வைத்தே அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, அந்தப் புரதத்தை மட்டும் பிரித்து, நறுக்கி, சின்னக் குழாயில் அடைத்துக் கோலாலம்பூருக்கு அனுப்புவாள். அங்கே ஒரு மெஷின் அதை எடை போட்டு எந்தக் குறி எவ்வளவு என்று சொல்லும். குழம்பில் உப்பை மறப்பவள் அங்கே ஒரு சொட்டுக்கூட மறக்க மாட்டாள்.

அந்த முறை வந்தது அமிர்தலிங்கம் மாமாவின் ஈரல். தேயிலை வெட்டும் மெஷினைத் தூக்கித் தூக்கியே தோள் சாய்ந்துபோன மனிதர், அவளுடைய அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு. குழாயில் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் லயனில் யாருக்கு என்றைக்கு ஆப்பரேஷன் என்று கோழிக்குக்கூடத் தெரியும். மொச்சைக்கொட்டை அளவுத் துண்டில் பாதியை எடுத்து வேலையை முடித்தாள்.

கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது: குழாய் நிறைய ஆட்டு ரோமப் புரதம்!

எங்கள் மலையில் பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே கம்பளிச் சட்டை மாட்டிவிடுவோம். ஆய்வுக்கூடத்துக்குள் கம்பளி கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அன்று மழை. வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதானே என்று சுவெட்டரைக் கழற்றாமல் விட்டிருக்கிறாள். கைப்பக்கம் அது வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது.

"துண்டே சரியில்லன்னு எழுதிடலாம்மா," என்றாராம் அவளுடைய மேலதிகாரி டாக்டர் ஹரிதாஸ்.

"தப்பு என்னுது டாக்டர். அப்படியே எழுதுங்க."

சரி, மீதிப் பாதியைக் கோலாலம்பூர் ஆட்களே செய்யட்டும் என்று அவர் முடிவு செய்தார். அதுவும் போனால் வேறு துண்டு இல்லை. மாமாவுக்கு அதற்குள் சிகிச்சை தொடங்கிவிட்டது, இனி எடுத்தாலும் பழைய குறிகள் இருக்காதாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வாயைத் திறந்தாள். "என்னை மாமா வீட்டுல கொண்டுபோய் விடுங்க."

போனோம். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"மாமா, ஒங்க ஈரல்ல பாதிய நான் கெடுத்துட்டேன். என் சுவெட்டர் நூலு விழுந்து, மெஷின்ல ஆடுன்னு வந்துருச்சு."

அவர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆடா? எங்கூட்டுக்காரி முப்பது வருசமா அதத்தான்லா சொல்றா!"

மீதியை வேறு ஆள் செய்வார்கள் என்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"தெரியாத ஆளு கையிலயா? வேணாம்மா, எனக்குக் கூச்சமா இருக்கும். நீதான் செய்யணும். இல்லன்னா ஆராய்ச்சிக்குக் குடுக்கிறேன்னு போட்ட கையெழுத்த திருப்பி வாங்கிக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொல்லு."

டாக்டர் ஒத்துக்கொண்டார். குளிர் அறையில் வெறும் பருத்திச் சட்டையோடு நான்கு நாள் வேலை செய்தாள். உதடு நீலம் பாய்ந்து வீட்டுக்கு வருவாள். திட்ட வாயெடுப்பேன், மனசு வராது. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நான் என்ன செய்தேன் என்றுதான் தோன்றும்.

இரண்டு வாரம் கழித்து, கோஸ் மூட்டைகளோடு மலை இறங்கி ரிங்லெட் ஊரைத் தாண்டும்போது போன் வந்தது.

"ஏங்க... ஆடு துளிகூட இல்லீங்க. குறியெல்லாம் தெளிவா வந்துருக்கு. மனுசன்தாங்க, முழுக்க முழுக்க நம்ம மாமாதாங்க."

லோரியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். கோஸ் வாங்குகிறவர்கள் காத்திருக்கட்டும்.