மூன்று முறை சொல்ல வேண்டிய வாக்கியம்

பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், ஆறு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் விழாமல், சூடான ரோலருக்குள் கொடுக்க வேண்டும். ரோலர் கக்கும் ஆவியில் அவள் முகம் எந்நேரமும் சிவந்தே இருக்கும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் நீராவி. கோபம் வந்தால் மூக்கிலும் அதே ஆவி வரும் என்பாள் எதிர்முனைக்காரி. நீராவி அதை மறுத்ததில்லை.

அவளுடைய ஒரே மகளுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் கெட்டிக்காரி. ஒருநாள் காலை அம்மா செருப்பு மாட்டும்போது, "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நீராவி கிளம்பினாள். மறுநாளும் அதே கேள்வி வந்தது. அதற்கடுத்த வாரம் கேள்வி நாளுக்குப் பத்து முறையானது. எந்தப் பதிலிலும் பெண்ணுக்கு மனம் ஆறவில்லை. கடைசியில் அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்: "இருக்கேன், நல்லா இருக்கேன், வந்துடுவேன்." இதை மூன்று முறை, ஒரே குரலில், நடுவே இருமாமல் சொல்ல வேண்டும். இருமினால் முதலிலிருந்து. சொல்லாவிட்டால் அம்மா செத்துப்போவாள், அதற்குத் தானே காரணம் என்று பெண் நிஜமாகவே நம்பினாள். நம்பி நடுங்கினாள்.

சலவைப் பிரிவில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் எடுத்துப் பார்த்தால் அறுபது அழைப்புகள் இருக்கும். ஒருநாள் பெண் சீருடையோடு ஹோட்டல் வாசலில் வந்து நின்று அழுதாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. நீராவி வேலையை விட்டாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. குளிக்கும்போதும் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, தலையில் தண்ணீர் வழிய, அந்த வாக்கியத்தைச் சொன்னாள். குப்பை கொட்டக் கீழே இறங்குவது கணவனின் வேலையானது. தூக்கத்தில்கூட அவள் வாய் அதை முணுமுணுப்பதாக அவன் சொன்னான். அவன் தரைக்கு ஓடு பதிப்பவன். நாள் முழுக்க முட்டிபோட்டு வேலை செய்துவிட்டு வருவான். "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்பான் முதலில். அப்புறம், "என்கிட்ட மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கறா? நான் செத்தா பரவாயில்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் சொன்னார். மாத்திரை எழுதினார். "நீங்க பதில் சொல்லச் சொல்லத்தான் கேள்வி வளரும். கொஞ்சம் கொஞ்சமா குறைங்க" என்றார். வெளியே வரிசை நீண்டிருந்ததால் எப்படி என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. வீட்டுக்கு வந்த அன்றே நீராவி வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். கால் மணி நேரத்தில் பெண் சுவரில் தலையை மோத ஆரம்பித்தாள். நீராவி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, மூன்று முறைக்குப் பதில் முப்பது முறை சொன்னாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு துண்டுத்தாளில் எண் எழுதிக் கொடுத்திருந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் சனிக்கிழமை நாலு மணிக்கு நூலக மாடியில் கூடிப் பேசுவார்களாம். இரண்டு மாதம் அந்தத் தாள் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. பிறகு ஒருநாள் நீராவி அழைத்தாள். என்னால் வர முடியாது என்று சொல்வதற்காகத்தான்.

"வீட்ட விட்டு எவ்வளவு தூரம் வர முடியும்?" என்று கேட்டது ஒரு பெண்குரல்.

"வாசப்படி வரைக்கும்."

"அப்ப வாசப்படிக்கு வர்றேன்."

வந்தவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஐம்பது வயது, கனத்த உடம்பு. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க மேல்படியில் உட்கார்ந்தாள். நீராவி கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளிருந்து கேள்வி வந்தது. நீராவிக்குக் கூச்சத்தில் உடம்பே குறுகியது. சொன்னாள், தடுமாறினாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வேன்காரி தன் முட்டியைத் தடவிக்கொண்டு காத்திருந்தாள்.

"முடிஞ்சுதா? சரி, விட்ட இடத்திலேருந்து சொல்லுங்க."

"உங்க வீட்ல?" என்றாள் நீராவி.

"பையன். மூணு வருஷம் ரூமை விட்டு வரல. ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் காலையில ஸ்கூல்ல எறக்கி விடுவேன். என் பிள்ளை போர்வைக்குள்ள கெடப்பான். பார்க்கிறவங்க, ஒழுங்கா வளர்க்கத் தெரியலேன்னாங்க. நானும் அதையே நெனச்சேன்."

நீராவி சுவரைப் பார்த்துக்கொண்டு, இதுவரை யாரிடமும் சொல்லாததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "இருக்கேன் இருக்கேன்னு சொல்லும்போதெல்லாம், இல்லாம போயிட்டா தேவலைன்னு இருக்கு அக்கா."

வேன்காரி பதறவில்லை. "செத்துடணும்னு தோணுதா, ஓடிடணும்னு தோணுதா? ஒளிக்காம சொல்லுங்க. முதலாவதுன்னா இப்பவே டாக்டர்கிட்ட போகணும்."

நீராவி யோசித்தாள். "ஓடிடணும்."

"நான் ஓடியே போயிட்டேன். ஒருநாள் பிள்ளைங்களை எறக்கிவிட்டுட்டு, காலி வேனை எடுத்துக்கிட்டு நேரா போனேன். மூணு மணி நேரம். எங்கே போறேன்னு எனக்கே தெரியாது. டீசல் தீர்ந்து நடுரோட்டில நின்னுடுச்சு. ஓடிப்போறவ டேங்க்கை ரொப்பிக்கிட்டுப் போகணும்னு தோணல பாருங்க."

நீராவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வேன்காரியும் சேர்ந்துகொண்டாள். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. அழுகையும் கலந்த சிரிப்புதான், ஆனால் சிரிப்பு.

உள்ளிருந்து பெண் கேட்டாள்: "அம்மா, யார்கூட சிரிக்கிற?"

நீராவி உள்பக்கம் திரும்பினாள். எத்தனையோ மாதங்களில் முதல் முறையாக வேறொரு கேள்வி. இதற்குச் சொல்லிக்கொடுத்த பதில் எதுவும் இல்லை. "ஒரு அக்கா வந்திருக்காங்கடா" என்றாள். ஒரே ஒரு முறை. அது போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வேன்காரி வந்தாள். அவள் பாடம் எடுக்கவில்லை. தான் செய்ததையும், செய்து கெடுத்ததையும் சொன்னாள். "புள்ளைக்குத் தெரியாம குறைக்காதீங்க. அவளையும் கூட்டுச் சேர்த்துக்குங்க. நோய் ஒரு பக்கம், நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம்." அப்படியே டாக்டரிடமும் கேட்டார்கள். மூன்றை இரண்டாக்க அம்மாவும் பெண்ணும் பேரம் பேசினார்கள். ஐந்து வாரம் பிடித்தது. இடையில் ஒருநாள் நீராவி அவசரப்பட்டு ஒன்றோடு நிறுத்திப் பார்த்தாள். பெண் தன் கையை ரத்தம் வரக் கடித்துக்கொண்டாள். எல்லாம் மறுபடி மூன்றுக்குப் போனது. "நீங்களாவது ஒருநாள் அவசரப்பட்டீங்க. நான் ஒரு வருஷம் அவசரப்பட்டேன்" என்றாள் வேன்காரி.

நூலகம் இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருந்தது. ஆகவே ஒரு சனிக்கிழமை மஞ்சள் வேன் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. உள்ளே நான்கு பெற்றோர்கள், சின்னப் பிள்ளைகளின் சீட்டில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நீராவி படியிறங்கினாள். ஐந்து மாதம் கழித்து, பெண் பக்கத்தில் இல்லாமல் தெருவில் கால் வைத்தாள். மேலே ஜன்னலில் பெண் நின்றாள். இருபது நிமிடம் நீராவி பேசினாள், பிறர் பேசக் கேட்டாள். ஒவ்வொரு நிமிடமும் முதுகில் அந்தப் பார்வை ஊன்றியிருந்தது. இருபத்தோராம் நிமிடம் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. நீராவி ஏறிப் போய்விட்டாள். வேனில் யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. அவர்களும் அப்படி எழுந்து ஓடியவர்கள்தான்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடமாகப் போகிறது. பெண் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. வாக்கியம் இரண்டில் நிற்கிறது. கெட்ட நாளில் மூன்றாகும். நீராவி தெருமுனைக் கடை வரை போய் வருகிறாள், கையில் போனோடு. ஹோட்டலில் அவள் இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டாயிற்று.

போன சனிக்கிழமை பெண்ணுக்கு மோசமான நாள். வேன் வந்து நின்றும் நீராவியால் இறங்க முடியவில்லை. கணவன் கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்றான். பிறகு, வேலைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல், "நான் வேணா போய் சொல்லிட்டு வர்றேன்" என்று இறங்கினான். ஐந்து நிமிடத்து வேலை. ஒரு மணி நேரம் ஆயிற்று. நீராவி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தைச் சொல்லியபடி, வேனின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான்.

"என்னங்க சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஒண்ணுமில்ல" என்றான் துண்டுக்குள்ளிருந்து. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் நீ போனாலும், அரைமணி எனக்கு விடு" என்றான்.